பிறந்த குழந்தை ஏன் வழக்குத் தொடுக்க வேண்டும்? குடியுரிமை ஆணையும் உச்ச நீதிமன்றமும்

கரிக்கோல் (8 டிசம்பர் 2025)

அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 5 அன்று 'டிரம்ப் எதிர் பார்பரா' வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதிலிருந்து, எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விக்காகத்தான் வருகின்றன. இங்கே பிறக்கப்போகும் எங்கள் குழந்தை அமெரிக்கக் குடிமகனா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் நியூ ஜெர்சியில் வழக்கறிஞர், அரசியலில் தாராளவாதி. அந்தச் சாய்வை மறைத்துக்கொண்டு நடுநிலை வேடம் போட எனக்கு விருப்பமில்லை. படிப்பவர்கள் அதற்குரிய தள்ளுபடியைக் கொடுத்துப் படிக்கலாம்.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை இருவகைக் குழந்தைகளைக் குறிவைக்கிறது. தாய் சட்டவிரோதமாகத் தங்கியிருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாத குழந்தைகள் ஒருவகை. செய்தித் தலைப்புகளில் இவர்கள் மட்டுமே தென்பட்டார்கள். இரண்டாவது வகைதான் நம்மவர்களைத் தொடுகிறது. தாய் முறையான விசாவில், ஆனால் தற்காலிகமாகத் தங்கியிருந்து, தந்தையிடமும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால், பிப்ரவரி 19-க்குப் பிறகு பிறக்கும் அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை ஆவணம் எதையும் மத்திய அரசுத் துறைகள் தரக்கூடாது என்கிறது ஆணை. எச்-1பி என்ற வேலை விசா, அவர்களுடைய குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர் விசா எல்லாமே இதற்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியானால் அந்தக் குழந்தை எந்த நாட்டவர், எந்த விசாவில் தன் தொட்டிலில் படுத்திருக்கிறது என்பதைப் பற்றி அந்த ஆணையில் ஒரு வரிகூடக் கிடையாது.

அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் 1868-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்பதே அதன் முதல் வாக்கியத்தின் சாரம். இந்த வாக்கியத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பின மக்கள் சுதந்திரமானவர்களாக இருந்தாலும் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்ததும் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பைப் புதைப்பதோடு நிற்காமல், யார் குடிமகன் என்பதை இனி எந்தக் கட்சியும் எந்த நீதிமன்றமும் தொட முடியாத உயரத்தில் கொண்டுபோய் வைக்க நினைத்தது. 1866 மே மாதம் செனட்டில் நடந்த விவாதத்தைப் படித்தால், இன்றைய கேள்வி அன்றே எழுந்ததைக் காணலாம். பென்சில்வேனியாவின் கோவன், சீனர்களின் குழந்தைகளும் ஜிப்சிகளின் குழந்தைகளும் குடிமக்களாகிவிடுவார்களா என்று அச்சமூட்டும் குரலில் கேட்டார். அயர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவின் பிரதிநிதியாக வந்திருந்த கானஸ், ஆம், ஆகவேண்டும் என்று பதிலளித்தார். தெரியாமல் எழுதப்பட்ட வாசகம் அல்ல அது. (கானஸ் அந்தப் பதவிக்காலத்துக்குப் பிறகு செனட்டுக்குத் திரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

ஆகவே ஆணை செல்லாது என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது ஜூன் 27 அன்று அதே நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் வழங்கிய 'டிரம்ப் எதிர் காசா' தீர்ப்புதான் (காசா, CASA, என்பது இங்குள்ள குடியேறியோர் உரிமை அமைப்பு ஒன்றின் பெயர்). அதில் நீதிபதிகள் இந்த ஆணை சரியா தவறா என்று சொல்லவே இல்லை. வழக்குத் தொடுத்தவருக்கு மட்டும் நிவாரணம் தரலாம், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்குமாகத் தடை விதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். உரிமை இருக்கிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய், நீ வழக்குப் போட்டாயா என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. இதை நம் நண்பர்கள் பலரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆலமரத்தடி (8 டிசம்பர் 2025)

கரிக்கோல் அவர்களே, பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் டெக்சாஸ்வாசி. குடிமகனான பிறகு குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வருகிறேன். உங்கள் வாதத்தில் ஒரு தாண்டல் இருக்கிறது. பிறந்தால் மட்டும் போதாது, 'அதிகார வரம்புக்கு உட்பட்டு' என்ற சொற்றொடரும் அந்த வாக்கியத்தில் உண்டல்லவா? மண்ணில் கால் வைத்தாலே வரம்புக்கு உட்பட்டாயிற்று என்றால் அந்தச் சொற்றொடர் எதற்கு? 1873-இல் ஸ்லாட்டர் ஹவுஸ் வழக்குகளில் உச்ச நீதிமன்றமே, தூதர்கள், கான்சல்கள் (துணைத் தூதரக அதிகாரிகள்), அயல்நாட்டுக் குடிமக்கள் ஆகியோரின் குழந்தைகளை விலக்கவே அது சேர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. 1884-இல் எல்க் வழக்கில், இந்த மண்ணிலேயே பிறந்த பூர்வகுடி மனிதர் ஒருவரைக் குடிமகன் இல்லை என்று சொல்லி, ஒமாஹா நகரில் அவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதைச் சரியென்றது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தவருக்கே இல்லாதது, மூன்றாண்டு விசாவில் வந்தவரின் பிள்ளைக்கு உண்டா?

சீனப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர் குடிமகனே என்று சொன்ன, நீங்கள் அடுத்துக் கொண்டுவரப்போகும் வோங் கிம் ஆர்க் தீர்ப்பிலும் பெற்றோர் இங்கே நிரந்தர வசிப்பிடம் கொண்டவர்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. மேலும், பிரிட்டன் 1983-இல் இந்த முறையைக் கைவிட்டது. இந்தியாவும் 1987-இலிருந்து பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. அங்கெல்லாம் வானம் இடிந்து விழவில்லை.

கரிக்கோல் (9 டிசம்பர் 2025)

நண்பர் ஆலமரத்தடிக்கு வணக்கம். அரசுத் தரப்பு சொல்லக்கூடிய நல்ல வாதங்களை ஒரே பதிவில் அடுக்கிவிட்டீர்கள்.

ஸ்லாட்டர் ஹவுஸ் வரி, இறைச்சிக்கூடம் பற்றிய ஒரு வழக்கில் போகிற போக்கில் வந்த வரி. குடியுரிமைக் கேள்வி அங்கே தீர்ப்புக்கு வரவே இல்லை. 1898-இல் வோங் கிம் ஆர்க் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிரே அதை எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். தூதரையும் கான்சலையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லியிருப்பதே, அந்த வரி கவனமாக எழுதப்படவில்லை என்பதற்குச் சான்று என்றார் அவர். தூதருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கான்சலுக்குக் கிடையாது. கான்சலை இங்குள்ள நீதிமன்றத்தில் நிறுத்த முடியும். அதுதான் அதிகார வரம்பின் பொருளும்கூட. எச்-1பியில் இருப்பவர் சிவப்பு விளக்கைத் தாண்டினால் காவலர் அபராதச் சீட்டு நீட்டுகிறார், ஏப்ரலில் வருமான வரி கட்டுகிறார், குற்றம் செய்தால் சிறைக்குப் போகிறார். தூதர் போவதில்லை. பூர்வகுடி இனங்களோ தமக்கென்று அரசும் சட்டமும் உடையவை. அமெரிக்கா அவற்றோடு உடன்படிக்கை செய்துகொண்டது. எல்க் தீர்ப்பின் அடிப்படை அதுவே. அதை எழுதியவரும் இதே கிரேதான் என்பதை மறந்துவிடக் கூடாது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, தன் தீர்ப்புக்குத் தானே எல்லை வகுத்தார்.

சட்டவிரோதமாக வந்தவர்களின் பிள்ளைகள் பற்றி அன்றைய மக்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாது என்று சொல்வோர் உண்டு. அடிமைகளைக் கொண்டுவருவது 1808-இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனாலும் 1860-இல் குளோட்டில்டா என்ற கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அலபாமாவின் மொபீல் அருகே இரவோடு இரவாகக் கொண்டுவந்து இறக்கியது. சட்டத்துக்குப் புறம்பாக இந்த மண்ணில் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளைக் குடிமக்கள் அல்லர் என்று 1868-க்குப் பிறகு யாரும் வாதிட்டதில்லை.

வசிப்பிடம் பற்றிய உங்கள் வாதத்தில் மட்டும் பலம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். கிரே தீர்க்க எடுத்துக்கொண்ட கேள்வியிலேயே நிரந்தர வசிப்பிடம் என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தீர்ப்பின் காரண விளக்கம் அந்தச் சொல்லின் மேல் நிற்கவில்லை. சிறிது காலம் தங்கும் அயலவரும் தங்கும் வரை இந்த நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் உட்பட்டவரே என்ற பழைய ஆங்கிலச் சட்ட மரபின் மேல்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு, எச்-1பி விசாவில் இருந்துகொண்டே நிரந்தரமாகத் தங்கும் நோக்கம் கொள்ளலாம் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கிறது. வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடுதான் என்ற உச்சவரம்பால், வீடு வாங்கிக் கடன் அடைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டும் வரிசையில் நிற்கிறார் ஓர் இந்தியர். அவருடைய வசிப்பிடம் எது, நியூ ஜெர்சியின் எடிசனா ஈரோடா?

பிற நாடுகளைப் பற்றிச் சொன்னீர்கள். பிரிட்டனும் இந்தியாவும் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி மாற்றின. அயர்லாந்து 2004-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. அமெரிக்கரும் திருத்தட்டும், நான் எதிர்த்து வாக்களிப்பேன், தோற்றால் ஏற்பேன். ஒருவர் மேசையில் அமர்ந்து பேனாவால் மாற்றுவதைத்தான் ஏற்க முடியாது.

பழஞ்சோறு (9 டிசம்பர் 2025)

நான் கலிபோர்னியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன், சட்டம் படித்தவன் அல்லன். இளையவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர் அவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946 வரை இதுவே நிலை.

குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913-இல் சட்டம் போட்டிருந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் முலாம்பழமும் விளைவித்த பஞ்சாபிகளில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? மெக்சிகப் பெண்களை மணந்துகொண்டு, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயரில் நிலத்தை எழுதிவைத்தார்கள். அப்பனுக்கு இல்லாத உரிமை, நடக்கத் தெரியாத பிள்ளைக்கு இருந்தது. கரிக்கோல் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தால்தான் இருந்தது.

ஆலமரத்தடி (10 டிசம்பர் 2025)

பழஞ்சோறு ஐயா, இது எனக்குப் புதிய செய்தி. சட்டத்தின் பொருள் பற்றிய என் கருத்தை இது மாற்றவில்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

கரிக்கோல் அவர்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். 2014-இல் ஒபாமா அரசு ஆவணமற்ற பெற்றோர்களுக்கு நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்புத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் இருந்த ஒரே ஒரு நீதிபதி 2015-இல் நாடு முழுவதற்குமாக அதை நிறுத்தினார். 2023-இல் அமரில்லோவில் ஒரே நீதிபதி கருக்கலைப்பு மாத்திரைக்கான அனுமதியை நாடு முழுதும் முடக்க முயன்றார். அப்போதெல்லாம் தாராளவாதிகள், தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் நாட்டையே நிறுத்துவதா என்று கொதித்தீர்கள். பைடன் ஆட்சியின் கடைசி நாள்களில், அவருடைய சொலிசிட்டர் ஜெனரலே (உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுபவர்) இத்தகைய தடைகளுக்குக் கடிவாளம் போடுமாறு உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். இப்போது காசா தீர்ப்பை எழுதிய நீதிபதி பேரட் அதே கடிவாளத்தைப் போட்டதும் ஜனநாயகம் செத்துவிட்டதா? உங்கள் வீட்டுக் கூரை ஒழுகினால்தான் மழை பெய்கிறது என்பீர்களோ?

கரிக்கோல் (11 டிசம்பர் 2025)

சரியான இடத்தில் அடித்தீர்கள். பிரவுன்ஸ்வில் தடை வந்தபோது, மாவட்ட நீதிபதி தன் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு தமிழ்க் குழுமத்தில் நான் நீட்டி முழக்கி எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறது. இந்த வாரம் திரும்பப் படித்தேன், காது சுட்டது. தமக்குச் சாதகமான நீதிபதி அமர்ந்திருக்கும் ஊராகத் தேடிப் போய் வழக்குத் தொடுக்கும் வழக்கத்தை இரு தரப்பும் வளர்த்தோம். நாடு தழுவிய தடைகள் எல்லாம் நல்லவை என்று நான் இப்போது வாதிடப்போவதில்லை.

ஆனால் காசா வழக்கில் அரசு கையாண்ட உத்தியைப் பாருங்கள். சியாட்டிலில் ரேகன் நியமித்த நீதிபதி கூகனவர், அப்பட்டமான அரசியலமைப்பு மீறல் என்று ஆணையை மூன்றே நாளில் நிறுத்தினார். மேரிலாந்திலும் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அரசு தோற்றது. இத்தனை தோல்விக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அரசு, ஆணை சரியா என்று எங்களுக்குச் சொல்லுங்கள் எனக் கேட்கவில்லை. தடையின் அகலத்தை மட்டும் குறையுங்கள் என்று கேட்டது. மே 15 அன்று நடந்த வாதத்தில் நீதிபதி கேகன் இதைத்தான் பிடித்தார். எல்லா இடத்திலும் தோற்றுக்கொண்டே இருக்கும் நீங்கள் மேல்முறையீட்டுக்கு எதற்கு வரப்போகிறீர்கள் என்றார். வழக்குப் போட்ட நூறு பேருக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு, போடாத லட்சம் பேர் மேல் செல்லாத ஆணையைச் செலுத்திக்கொண்டே போகலாம் அல்லவா?

அன்றைய வாதத்தின் ஒலிப்பதிவை நான் இருமுறை கேட்டேன். டிரம்ப் நியமித்த நீதிபதி கவனாவின் கேள்விகள் எளிமையானவை. ஆணை நடைமுறைக்கு வரும் மறுநாள், பிறந்த குழந்தையை மருத்துவமனை என்ன செய்யும், மாநில அரசு என்ன செய்யும் என்று கேட்டார். அவர்கள் வேறாக எதுவும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை, மத்திய அதிகாரிகள்தான் அதைக் கண்டறிய வேண்டியிருக்கும் என்ற பொருளில் பதிலளித்தார் சொலிசிட்டர் ஜெனரல் சாவர். எப்படி என்று கவனா விடவில்லை. உறுதியான விடை வரவில்லை. மகப்பேறு வார்டில் ஒரு செவிலியர் கையில் படிவத்தோடு நிற்கிறார்; அவருக்கு என்ன தெரியவேண்டும் என்பது இந்நாட்டின் தலையாய அரசு வழக்கறிஞருக்கே தெரியவில்லை.

குடியுரிமை மற்ற உரிமைகளைப் போன்றதன்று என்பதுதான் என் வாதம். மாத்திரை அனுமதி இந்த மாநிலத்தில் ஒருவிதமாகவும் அந்த மாநிலத்தில் வேறுவிதமாகவும் சில மாதங்கள் இருக்கலாம். சங்கடம்தான், ஆனாலும் தாங்கலாம். டெலவேர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் பிறந்தால் குடிமகன், பாலம் கடந்து பிலடெல்பியாவில் பிறந்தால் இல்லை என்ற நிலையை டிரெட் ஸ்காட் காலத்து அமெரிக்கா பார்த்திருக்கிறது. அது திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் நாடு முழுதுக்கும் ஒரே விதியாக அந்த வாக்கியத்தை எழுதினார்கள்.

மறுகரை (11 டிசம்பர் 2025)

ஒரு குறுக்குக் கேள்வி. காசா தீர்ப்புக்குப் பிறகும் ஆணை எங்கும் நடைமுறைக்கு வரவில்லையே? ஒரே பாதிப்புள்ள எல்லோர் சார்பிலும் சிலர் தொடுக்கும் குழு வழக்கு என்ற வழி திறந்திருக்கிறது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறதாமே? முன்வாசலை அடைத்துப் பின்வாசலைத் திறந்துவிட்டார்கள் என்றால், இழந்தது என்ன?

கரிக்கோல் (12 டிசம்பர் 2025)

நல்ல கேள்வி. நடந்தது இதுதான்: தீர்ப்பு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி லாபிளாண்ட், ஆணையால் பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும், இனிப் பிறக்கப்போகிறவர்கள் உட்பட, ஒரே குழுவாக ஏற்றுத் தடை விதித்தார். இவர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் நியமித்தவர். பிப்ரவரியில் இவரே நாடு தழுவிய தடை தர மறுத்து, வழக்குத் தொடுத்த அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டும் நிவாரணம் தந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்குத்தான் இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது.

இழந்தது என்ன என்றால், இந்த வழி இந்த வழக்குக்குப் பொருந்தியது நம் அதிர்ஷ்டம். ஒரு தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள், பெற்றோரின் விசா இன்னது என்று குழுவைக் கோடு போட்டுக் காட்ட முடிந்தது. ஒவ்வொருவருடைய கதையும் வெவ்வேறாக இருக்கும் வழக்குகளில், உதாரணமாகத் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்களின் வழக்கில், குழுவை ஏற்கச் செய்வதற்கே மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். நீதிபதி அலிட்டோ தன் தனிக்குறிப்பில், குழு வழக்கைக் குறுக்குவழியாக்கிவிடக் கூடாது என்று இப்போதே எச்சரித்திருக்கிறார். அந்தப் பின்வாசலின் தாழ்ப்பாள் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆலமரத்தடி (12 டிசம்பர் 2025)

அலிட்டோ பற்றிச் சொன்னதில் உடன்பாடில்லை. அவர் விதியைப் பின்பற்றச் சொல்கிறார், அவ்வளவே. ஆனால், அரசு மேல்முறையீட்டைத் தவிர்த்துக்கொண்டே போகலாம் என்ற கேகனின் கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. நாளை ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் துப்பாக்கி உரிமையில் இதே உத்தியைக் கையாண்டால் நான் என்ன சொல்வேன் என்று பார்க்கிறேன்.

நீலவானம் (13 டிசம்பர் 2025)

பெரியவர்கள் பேசும் இடத்தில் சொந்தக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி, மனைவி எச்-4. மார்ச்சில் குழந்தை பிறக்க இருக்கிறது. பிறந்தவுடன் நாங்கள் என்ன செய்ய வேண்டும், அண்ணா? ஊருக்குத் திரும்பிப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொல்கிறார்.

கரிக்கோல் (13 டிசம்பர் 2025)

தம்பி, முதலில் வாழ்த்துகள். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் கோப்பைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை ஆகாது. உங்கள் வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலையில் தடை அமலில் இருக்கிறது. உங்கள் குழந்தை பிறந்த கணமே அந்தக் குழுவில் ஒருவராகிவிடும். நீங்கள் வழக்குப் போட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழை மாநிலம் தருகிறது. எழுத்துப் பிழை இல்லாமல், கடவுச்சீட்டில் உள்ளபடியே இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு மருத்துவமனைப் படிவத்திலேயே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் கைக்கு வந்த வாரமே இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். குழந்தை பிறந்த நாளில் நீங்கள் இருவரும் முறையான விசாவில் இருந்ததைக் காட்டும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), விசா ஒப்புதல் கடிதங்கள், வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். சட்டப்படி இவை தேவையா என்றால், தேவையில்லை. இருந்தாலும் வையுங்கள்.

ஏன் என்று கேட்டால் வோங் கிம் ஆர்க் கதையைச் சொல்ல வேண்டும். அவர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். 1894-இல் சீனாவுக்குப் புறப்படும் முன்பே, இவர் இங்கே பிறந்தவர் என்று வெள்ளைக்காரச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, தன் புகைப்படத்தையும் ஒட்டி ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தார். அந்தத் தாள் இருந்தும் திரும்பி வந்தபோது இறங்க விடவில்லை. துறைமுகத்துக்கு வெளியே கப்பல் மாற்றிக் கப்பலாக ஏறத்தாழ ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றத்திலேயே வென்றார். வென்று மூன்று ஆண்டு கழித்து, 1901-இல், டெக்சாஸின் எல் பாசோவில், நாட்டுக்குள் சட்டவிரோதமாக நுழைந்த சீனர் என்று அவரையே கைது செய்தார்கள். தன் பெயரிலேயே தீர்ப்பு இருந்தும் பிணையில்தான் வெளியே வந்தார். அந்த வழக்கு கைவிடப்படச் சில மாதங்கள் ஆயின.

மாமியாரிடம், பிரசவம் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் பிப்ரவரி கடைசியில் வந்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். அவருடைய வருகை விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில், மகளின் பிரசவத்துக்கு உதவ என்ற உண்மையான காரணத்தையே எழுதுங்கள்.